பதில் வரட்டும்

அவர் குரலை முதல் தடவை கேட்டபோது என்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தேன். பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த மெத்தைக் கடையில் பில் போடும் வேலைக்கு நான் சேர்ந்த நாள் அது. மதிய வேளை, கடையில் ஆள் இல்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நிறுத்தி வைத்திருந்த மெத்தைகளுக்கு நடுவிலிருந்து தொண்டை கட்டியது போன்ற ஒரு கரகரப்பான குரல் வந்தது.

"அடேய், வாயை மூடேன். அவரு இன்னும் முடிக்கவே இல்ல. பதில் வரட்டும்டா."

நான் பேசியிருக்கவே இல்லை. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். முதல் பட்டதாரி என்று வீட்டில் சாமி கும்பிட்டு அனுப்பிய பையன் முதல் நாளே திட்டு வாங்கினால் எழுந்து நிற்காமல் என்ன செய்வான்? அவர் திரும்பிப் பார்த்தார். முடிக்குள் மறைந்து ஒரு காதில் மட்டும் இயர்போன்.

"உன்னைச் சொல்லலப்பா. இவனை," என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

இவன் என்பது ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறவன். பெரிய மனிதர்களை எதிரில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசுவான். பேசுவது பெரும்பாலும் அவன்தான். அந்த நிகழ்ச்சியை அவர் ரசித்துக் கேட்டதில்லை, சண்டை போடுவதற்கென்றே கேட்பார். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல மூச்சு இழுக்கும் நேரத்தில் அவன் "எனக்கும் அப்படித்தான் சார்" என்று ஆரம்பித்தால் போதும், கடைக்குள் இவர் குரல் கேட்கும். "உன் கதையை எவன்டா கேட்டான்?" ஒருநாள் தலையணை வாங்க வந்த பெரியவர், தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, பேரத்தைப் பாதியில் நிறுத்தி, சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடையில் எல்லோரும் அவரை மேடம் என்போம். அது முதலாளியின் உத்தரவு. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிறகு அவரே ஒரு பாட்காஸ்ட் நடத்தினார், அதிலும் அவர் தன் பெயரைச் சொன்னதே கிடையாது. அந்த நிகழ்ச்சிக்கே ஒரு பெயர் வைக்கவில்லை. யார் வந்து பேசினார்களோ அவர்கள் பெயர்தான் அன்றைக்குத் தலைப்பு. "பேசறவங்க பேரு போதும். கேக்கறவளுக்கு எதுக்குப் பேரு?" என்பார். அதனால் நானும் விட்டுவிடுகிறேன்.

அவருக்குப் பிடித்த பாட்காஸ்ட்டுகளும் இருந்தன. தெற்கே ஏதோ ஊரிலிருந்து ஒருவர் லாரி ஓட்டுநர்களை மட்டும் பேட்டி எடுப்பார். பின்னணியில் எப்போதும் டீ ஆற்றும் சத்தம், தட்டு கழுவும் சத்தம். ஒலித்தரம் என்று பார்த்தால் ஒன்றுமே தேறாது. ஆனால் ஓட்டுநர் பேசிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தால் அந்த மனிதர் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டார். மேடத்துக்கு அந்த ஒரு குணம் போதும். இன்னொன்று ஒரு மலையாளத்து அம்மா நடத்தியது. இவருக்கு மலையாளம் பாதிதான் புரியும். புரிந்த பாதியும் ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு வந்தது. இவருடைய அப்பா அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு வரிசையில் வீட்டுக்கு வீடு வேறு வேறு ஊர்ப் பேச்சு கேட்கும் இடம். சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டை எந்த மாவட்டத்துச் சண்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று பெருமை அடித்துக்கொள்வார்.

"பாதிதான் புரியுதுன்னா எதுக்கு மேடம் கேக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தம்மா 'ம்' போடறதைக் கேளு," என்று இன்னொரு இயர்போனை என் பக்கம் நீட்டினார். "நல்லா பேட்டி எடுக்கறவங்களைக் கேள்வியை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. கேள்வியை ஆபீஸ்ல நாலு பேரு உக்காந்து எழுதிக் குடுத்திருப்பான். இந்த 'ம்' இருக்கு பாரு, இதை யாரும் எழுதிக் குடுக்க முடியாது."

கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஒரு 'ம்' மேலே சொல்லுங்கள் என்றது. இன்னொன்று நம்பவில்லை என்றது. வேறொன்று, அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம், அவசரம் இல்லை என்றது. அதன் பிறகு எனக்கும் பாட்காஸ்ட் கேட்கும் பழக்கம் வந்தது. திருமுல்லைவாயிலிலிருந்து கடைக்கு வருகிற பஸ்ஸில் யாராவது போனில் பேசினால்கூட 'ம்' மட்டும் எண்ணிக்கொண்டு வந்த காலம் ஒன்று உண்டு.

மெத்தை விற்பதிலும் அவர் அப்படித்தான். மற்றவர்கள் ஸ்பிரிங், ஃபோம், கேரண்டி என்று மூச்சுவிடாமல் பேசுவார்கள். இவர் வந்தவர்களை ஒரு மெத்தையில் படுக்கச் சொல்வார். படுத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். படுத்துக்கொண்டு பொய் சொல்வது கஷ்டம் என்பது அவருடைய கொள்கை.

ஒருமுறை வேப்பம்பட்டிலிருந்து வயதான கணவன் மனைவி வந்தார்கள். மகன் பணம் அனுப்பியிருக்கிறான், பெரிய மெத்தையாக வேண்டும் என்று கணவர் சொன்னார். இருவரையும் படுக்க வைத்துவிட்டு, "ராத்திரியில யாருக்கு முதல்ல முழிப்பு வரும்?" என்று கேட்டார் மேடம். கணவர் உடனே, எனக்குத்தான், மூணு தடவை எழுந்திருப்பேன் என்றார். மேடம் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா கூரையைப் பார்த்தார். நான் பில் மேஜையில் இருந்து பார்க்கிறேன், எனக்கே தாங்கவில்லை, ஏதாவது சொல்லித் தொலைக்கலாம் என்று வாய் வரை வந்தது. கடைசியில் அந்த அம்மா சொன்னார். "அவரு எழுந்திருக்கறப்ப எல்லாம் நானும் முழிச்சிக்குவேன். கல்யாணம் ஆனதுல இருந்து அப்படியே. சொன்னதில்ல." இரண்டு தனி மெத்தைகளாக வாங்கிப் போனார்கள். முதலாளிக்கு லாபம்தான். ஆனாலும், வாடிக்கையாளர் வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்று முணுமுணுத்தார்.

அந்த முதலாளியிடம் தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்யச் செவ்வாய்க்கிழமைகளில் மாடியைப் பேசி வாங்கியது மேடத்தின் சாமர்த்தியம். செவ்வாய் கடைக்கு விடுமுறை. இரண்டாவது மாடி சரக்கு வைக்கும் இடம். நான்கு சுவரிலும் மெத்தைகள் நெட்டுக்குத்தலாகச் சாய்ந்திருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நெடுஞ்சாலையே காணாமல் போய்விடும். அப்படி ஓர் அமைதியான இடம் அந்தச் சாலையில் வேறு எங்கும் இல்லை. ஒரு போன், சட்டையில் குத்துகிற இரண்டு மைக். ஒலியைச் சீர் செய்து ஏற்றுவது என் வேலை. கல்லூரியில் ஆண்டு விழாவுக்குப் பாட்டு வெட்டி ஒட்டிய அனுபவம் எனக்கு இருந்தது.

முதல் பிரச்சினை பிளாஸ்டிக் உறை. புது மெத்தையின் மேல் உட்கார்ந்தால் அசைகிற போதெல்லாம் சரசரவென்று பதிவாகும். உறையைப் பிரித்தால் முதலாளி உயிரை விட்டுவிடுவார். கடைசியில் யாரோ உபயோகித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஒரு மெத்தையை அவரே காட்டினார். அதன் ஒரு பக்கம் நிரந்தரமாகப் பள்ளம். இருவர் உட்கார்ந்தால் ஒருவர் தாழ்ந்துபோவார். மேடம் எப்போதும் பள்ளத்தில்தான் உட்காருவார். அமைச்சரே வந்தாலும் இப்படித்தான், பேசறவங்க மேல, கேக்கறவ கீழ என்பார். அமைச்சர் யாரும் வரவில்லை. வந்தவர்கள் கல்யாண மண்டபத்தில் மின்விளக்கு கட்டுகிறவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் பட்டறைக்காரர், ஓய்வு பெற்ற ரயில்வே கேட் கீப்பர் இப்படி.

மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. பதிவைத் தொடங்குவதற்கு முன்னால், வந்தவர் மேடத்தைப் பேட்டி எடுக்க வேண்டும். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்வார். அது ஒலிபரப்பாகாது. "நாம கேக்கணும்னு அவங்க ஏங்கிக்கிட்டு இருக்கற கேள்வியைத்தான் அவங்க நம்மகிட்ட கேப்பாங்க," என்றார் என்னிடம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு லோடு ஆட்டோக்காரர் வந்து, "உங்க பல்லு எல்லாம் ஒரிஜினலா?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்க மாடிப்படிக்குப் போய்விட்டேன். மேடம் சிரிக்கவில்லை. இரண்டு பல் கட்டியது என்று வாயைத் திறந்து காட்டினார். பிறகு பதிவு முழுக்கப் பல்லைப் பற்றியே கேட்டார். அந்த மனிதர் இளமையில் ஒரு சண்டையில் முன்பல் இரண்டையும் இழந்து, பல் இல்லாத வாயோடு பெண் பார்க்கப் போய், வாயைத் திறக்காமலே கல்யாணத்தை முடித்த கதை அப்படித்தான் வெளியே வந்தது. எங்கள் நிகழ்ச்சிகளில் அதிகம் பேர் கேட்டது அதுதான்.

இன்னொரு செவ்வாய், வார்டில் ஜெயித்த ஓர் அம்மா வந்தார். கூடவே அவருடைய கணவர். அந்த அம்மாவைக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கணவர் பதில் சொன்னார். கால்வாய் எப்போது தூர் வாருவீர்கள் என்றால் அவர், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்றாலும் அவர். மேடம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "அண்ணே, உங்களுக்குப் பின்னாடி அந்த மெத்தை சாயற மாதிரி இருக்கு. விழுந்தா அக்கா மேலதான் விழும். கொஞ்சம் தாங்கிப் புடிச்சுக்கறீங்களா?" என்றார். அவரும் பதறிப் போய் இரண்டு கையாலும் மெத்தையைத் தாங்கிக்கொண்டார். கன்னம் ஃபோமில் புதைந்திருந்ததால் அவர் சொன்னது எதுவும் மைக்கில் விழவில்லை. அந்த அம்மா அன்றைக்குப் பேசிய பேச்சு இருக்கிறதே, அவருடைய வார்டுக்கே அது புதிதாக இருந்திருக்கும். மெத்தை கடைசிவரை சாயவும் இல்லை.

இவ்வளவு கெட்டிக்காரர் ஏன் மெத்தை விற்கிறார் என்று கேட்பீர்கள். அந்தக் குரல்தான் காரணம். சிறு வயதிலிருந்தே அப்படி. போனில் பேசினால் எல்லோரும் சார் என்பார்கள், அவர் திருத்த மாட்டார். இரண்டு மூன்று வானொலி நிலையங்களில் குரல் தேர்வுக்குப் போயிருக்கிறார். ஓர் இடத்தில், ஜலதோஷம் போனதும் வாருங்கள் என்றார்களாம். "ஜலதோஷம் இல்ல சார், இதுதான் நான்"னு சொல்லிட்டு வந்துட்டேன் என்றார். சொல்லும்போது கண்ணில் கோபம் இருந்தது. என் குரலில் பேசி நான் சம்பளம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் கிண்டியிலிருந்து ஓர் ஆடியோ கம்பெனி அவரை அழைத்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பல் கதையை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பேட்டி எடுக்கும் வேலை, மாதச் சம்பளம், அவருடைய குரலிலேயே. ஒரு நிபந்தனைதான். அவர்கள் சொல்லும் விஷயத்தில் ஒரு மாதிரிப் பதிவு செய்து காட்ட வேண்டும். விஷயம்: குடும்பத்தின் முதல் பட்டதாரியும் அவனுக்காகப் படிப்பை விட்டவர்களும்.

விஷயத்தைச் சொன்னதும் மேடம் என்னைப் பார்த்தார். நான் என் அக்கா மஞ்சுளாவைச் சொன்னேன். எட்டாவதோடு அவளை நிறுத்தி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிக்கு அனுப்பினார்கள். என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவில் இதெல்லாம் கதையே இல்லை, வீட்டுக்கு வீடு உண்டு. கல்லூரியில் முதல் பட்டதாரிகளை மேடையேற்றும்போதெல்லாம் தியாகம் செய்தது யார் என்று கேட்பார்கள். அக்கா என்று சொன்னால் கைதட்டுவார்கள். கைதட்டு எனக்கு வரும். அக்கா அந்நேரம் தையல் மெஷினில் இருப்பாள்.

அவள் வர ஒப்புக்கொண்டதே ஆச்சரியம். மேடம் அதற்குள் முதலாளியிடம் மாதக் கடைசியில் நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். முதலாளி அந்த வேலைக்குப் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து தயாரிப்பாளர் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், நல்ல மாதிரி. எங்கள் மாடியைப் பார்த்து மயங்கிப் போனார், மெத்தைகளைப் படமெடுத்துக்கொண்டார். மூலையில் ஒரு தலையணைக் கட்டின் மேல் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டார். மேடம் பள்ளத்தில் உட்கார, அக்கா மேட்டில் உட்கார்ந்தாள். வழக்கப்படி அக்காதான் முதலில் கேட்க வேண்டும்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. பயம்."

"இன்னா பயம்?"

"விழுந்துடுவேன்னு."

"உளுந்தா எந்திரிக்கறது," என்றாள் அக்கா. அதோடு அவள் பேட்டி முடிந்தது.

பதிவு ஆரம்பித்ததும் மேடம் கேட்டார். "வண்டியில முதல்ல விழுந்தது எங்க?"

அவ்வளவுதான். அக்கா பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் எஸ்டேட் சாலைகளில் கூட வேலை செய்யும் ஒருத்தியின் ஸ்கூட்டரை வாங்கி ஓட்டிப் பழகியது, சாக்கடையில் விழுந்தது, எழுந்து வந்தவளைக் கை கால் கழுவக்கூடக் கம்பெனி செக்யூரிட்டி உள்ளே விடாதது. ஏன் ஓட்டப் பழகினாய் என்று யாரும் அதுவரை அவளைக் கேட்டதில்லை. நான் உட்பட. காரணம் கம்பெனி வேன். வேன் எப்போது கிளம்புகிறதோ அப்போதுதான் பெண்கள் வீட்டுக்குப் போக முடியும். ஓவர்டைம் வேண்டாம் என்று சொன்னாலும் வேன் வராது, கேட்டில் நிற்க வேண்டும். வண்டி இருந்தால் நேரம் முடிந்ததும் சாவியைத் திருகிக்கொண்டு போய்விடலாம். அக்கா முதலில் தான் கற்றுக்கொண்டாள். பிறகு தன் வரிசையில் ஒவ்வொருத்தியாகக் கற்றுக்கொடுத்தாள். வேன் பாதி காலியாக ஓட ஆரம்பித்ததும் வேன் காண்ட்ராக்டர் வந்து இவளிடம் சண்டை போட்டிருக்கிறார். என் கூடப் பிறந்தவள், ஒரே வீட்டில் இருக்கிறாள், எனக்கு இதில் எதுவும் தெரியாது. நான் மைக் வயரைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி இருந்தேன்.

அப்போது மேடத்தின் மடியில் இருந்த இன்னொரு போன் ஒளிர்ந்தது. மூலையில் இருந்த தயாரிப்பாளர் அனுப்பியது. மேடம் குனிந்து பார்த்தார். மறுபடி ஒளிர்ந்தது. அக்காவின் பேச்சு தடுமாறி நின்றது.

"மஞ்சு, எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. உங்களைப் பத்தினதுதான், அதனால உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்," என்றார் மேடம். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் தயாரிப்பாளர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மேடம் அந்தக் கரகரத்த குரலில் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல நிதானமாகப் படித்தார். "வண்டி போதும். படிப்பை விட்ட இடத்துக்கு வாங்க. தம்பியைப் பக்கத்துல உக்கார வைங்க. ரெண்டு பேரும் அழுதா நல்லா இருக்கும்." போனைக் கவிழ்த்து வைத்தார். "இதைக் கேக்கச் சொல்றாங்க. கேக்கட்டுமா?"

தயாரிப்பாளர் முகம் சிவந்துவிட்டது. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை, வரிசையில் தையல் பிசகினால் பார்ப்பாளே, அப்படி.

"ஏன் நின்னேன்னு என்னைக் கேட்டா நான் இன்னா சொல்றது? நானா நின்னேன்? நிறுத்துனவங்களைக் கேளுங்க. திருமுல்லைவாயில்லதான் கீறாங்க, ஊட்டு அட்ரஸ் தர்றேன். அழுவறதுக்கு எல்லாம் எனக்கு லீவு கெடைக்காது." மேடத்தின் பக்கம் திரும்பினாள். "நான் இன்னும் வண்டிக் கதையே முடிக்கல."

"முடிங்க," என்றார் மேடம்.

அக்கா முடித்தாள். காண்ட்ராக்டரின் பெண்ணுக்கும் அவள்தான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள் என்பதில் போய் முடிந்தது அது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து பேசினார்கள். மொத்தப் பதிவையும் வெட்டாமல் அனுப்புங்கள், நாங்கள் எடிட் செய்துகொள்கிறோம், வேலை உறுதி என்றார்கள். எங்கே எடிட் செய்வீர்கள் என்று மேடம் கேட்டார். அழுகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'நானா நின்னேன்' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துச் சோக இசையோடு முன்னோட்டமாகப் போடலாம், மெசேஜ் படிக்கிற இடத்தை நீக்கிவிடலாம் என்றார்கள். முழுசாகப் போடுவதென்றால் தருகிறேன் என்றார் மேடம். அந்தப் பக்கத்தில் பேசியவர், உங்கள் குரலுக்கு நாங்கள் துணிந்து வாய்ப்புத் தருகிறோம், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்றார்.

"என் குரல் நல்லா இல்லைன்னு எனக்குத் தெரியும் சார். அதுக்காக அவங்க பேச்சை அறுத்துக் குடுக்க முடியாது."

போனை வைத்துவிட்டு நேராக முதலாளியிடம் போய், நான் எங்கேயும் போகவில்லை என்றார். முதலாளி காரணம் கேட்கவில்லை. புதுப் பெண் வந்து ஒரு தலையணைகூட விற்றிருக்கவில்லை. மேடம் அன்று மதியம் ஒருவருக்கு இரட்டை மெத்தை விற்றார். பில் நான்தான் போட்டேன்.

பிழைக்கத் தெரியாதவள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். ஒரு வரிதானே, கொடுத்திருந்தால் என்ன என்று என் நண்பர்களும் சொன்னார்கள். நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஒரு வரி ஊரெல்லாம் ஓடியிருந்தால் என் அக்கா காலத்துக்கும் அழுகிற பெண்ணாக இருந்திருப்பாள். சாக்கடையில் விழுந்து எழுந்தவளை யாருக்கும் தெரிந்திருக்காது. மேடம் முழுப் பதிவையும் மெசேஜோடு சேர்த்து எங்கள் பக்கத்தில் ஏற்றினார். கம்பெனியின் பெயரை மட்டும் நீக்கச் சொன்னார். மஞ்சுளா என்பதுதான் தலைப்பு. பல் கதை அளவுக்கு யாரும் கேட்கவில்லை. ஆனால் எஸ்டேட்டில் சாப்பாட்டு நேரத்தில் போனை நடுவில் வைத்துப் பெண்கள் கூட்டமாகக் கேட்டார்கள் என்று அக்கா சொன்னாள்.

அந்தக் கடை இப்போது இல்லை. மெத்தை இருந்த இடத்தில் பேட்டரி ஸ்கூட்டர் விற்கிறார்கள். மேடம் கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். எப்போதாவது எங்கள் நிகழ்ச்சிப் பக்கத்தில் புதிதாக ஒரு பெயர் ஏறும், கேட்டால் அந்த 'ம்' இருக்கும். எங்கே உட்கார்ந்து பதிவு செய்கிறார், பள்ளம் உள்ள மெத்தை அங்கே கிடைத்ததா என்று தெரியவில்லை. நான் இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். என்னை நேர்முகத்தில் கேள்வி கேட்டவர்களின் 'ம்' எப்படி என்று கவனித்துத்தான் அந்த வேலையையே ஒப்புக்கொண்டேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேறொரு செவ்வாய்க்கிழமை. அக்காவின் பதிவு வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அக்கா வண்டியில் வந்து மாடியில் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். மேடத்துக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள், மேடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அக்காவுக்கு ஒரு போன் வந்தது. அதே கம்பெனி. அதே தயாரிப்பாளர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

அவர் இனிமையாகப் பேசினார். குரல் என்றால் அதுதான் குரல். மஞ்சுளா மேடம், உங்கள் கதையைப் பெரிய அளவில் செய்யப் போகிறோம், பிரபலமான ஒருவர் உங்களைப் பேட்டி எடுப்பார், கார் அனுப்புகிறோம், நீங்கள் வந்து மனம்விட்டுப் பேசினால் போதும் என்றார். பேட்டி எடுக்கப்போகிறவர் பெயரைச் சொன்னார். முதல் நாள் நான் எழுந்து நின்றபோது மேடத்தின் காதில் பேசிக்கொண்டிருந்தானே, அவன்தான். மேடம் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டார்.

அக்கா அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"வர்றேன் சார். அதுக்கு முன்னாடி நான் உங்களை ஒண்ணு கேக்கணும்."

"தாராளமா கேளுங்க மேடம்."

"நீங்க படிக்கறதுக்கு உங்க ஊட்ல யாரை நிறுத்துனாங்க?"

மறுமுனையில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பிறகு இணைப்பு அறுந்தது.

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் போனைப் பையில் போட்டுக்கொண்டு, விட்டது தொல்லை என்பது போல எழுந்தாள். மேடம் சிரிக்கவில்லை. பள்ளத்தில் உட்கார்ந்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"இன்னாத்த சொன்னாரு? வெச்சுட்டாரு."

"சொல்ல வந்தாரு. நாற்காலியை இழுத்தாரு பாரு," என்றார் மேடம். "யாரோ ஒருத்தர் ஞாபகம் வந்திருக்கும். திரும்பப் போடு."

அக்கா பையிலிருந்து போனை எடுத்தாள். மெத்தை மேல் எங்கள் மூவருக்கும் நடுவில் வைத்து, அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு வழக்கம்போலப் பொறுமை போய்விட்டது. எடுக்க மாட்டார் மேடம், விடுங்கள் என்று கையை நீட்டினேன்.

மேடம் என் கையைத் தள்ளிவிட்டார்.

"கட் பண்ணாத. பதில் வரட்டும்."